ஒரு துண்டு ஈரல்

"தின்னுத் தொலையேண்டி" என்று பூனையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். காலையில் குளித்த கையோடு, சாமி விளக்குக்குத் திரிகூடப் போடாமல், சமையல்கட்டுத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, செங்கல்மேல் வைத்த கிண்ணத்தை அதன் மூக்குக்கு நேராகத் தள்ளித் தள்ளி வைத்தேன். எலும்போடு அரைத்த பச்சைக் கோழிக்கறி, மேலே ஒரு முட்டையின் மஞ்சள் கரு. அது முகர்ந்து பார்த்தது. வேண்டாம் என்றால் மற்ற பூனைகள் தலையைத் திருப்பிக்கொள்ளும். இதற்கு அதுவும் முடியாது, கழுத்து கட்டையாக விறைத்துப் போயிருந்தது. முன்னங்காலைக் கொஞ்சம், பின்னங்காலைக் கொஞ்சம் என்று நகர்த்தி உடம்பு மொத்தத்தையும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தது. அவ்வளவு வேலை செய்து என்னை வேண்டாம் என்று சொன்னது.

எதிரில் என் மகள் எழிலரசி ஃப்ரிட்ஜில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் சாப்பிட்டுச் சில நாளாகிறது. தண்ணீர், எப்போதாவது அரை டம்ளர் மோர். "மிளகு சாப்பிட்டா நான் சாப்புடறேம்மா" என்று சொல்லிவிட்டாள். மிளகு என்பது பூனையின் பெயர். சண்டையாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, கரண்டியைத் தூக்கி எறிந்து, ஒரு வாய் சோற்றைத் திணித்திருப்பேன். பஸ் வந்தால் ஏறிப் போகிறேன் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அதற்கு என்ன செய்வது? ரெண்டு பட்டினி ஒரே சமையல்கட்டில் உட்கார்ந்திருக்க, நடுவில் நான் கிண்ணத்தை வைத்துக்கொண்டு திண்டாடினேன்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அந்தப் பூனையைச் சாப்பிட வைக்க ஒரு வழி எனக்குத் தெரியும். தெரிந்தும் பயந்துகொண்டு செய்யாமல் இருந்தேன். அந்தப் பயத்தைச் சொல்லவேண்டும் என்றால் முதலிலிருந்து வரவேண்டும்.

எழிலு போன ஐப்பசியில் சென்னையிலிருந்து வந்தாள். ஒரு தோள்பை, ஒரு கூடை. கூடைக்குள் இந்தப் பூனை. புகுந்த வூட்டிலிருந்து அவள் எடுத்துவந்தது அவ்வளவுதான், நகையைக்கூடக் கேட்கவில்லை. வயிற்றில் வந்தது ரெண்டு தடவையும் தங்கவில்லை. ரெண்டாவது தடவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவளிடம் அந்த மகராசன், அதான் என் மருமகன், "ஒரு உசுர வளக்கத் தெரியாதவ நீ" என்று சொன்னானாம். இதை எழிலு என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள், மடித்துக்கொண்டே சொன்னாள். நான் அவன் குடும்பத்தையே வேரோடு சபித்துத் தீர்த்தேன். அவள் "விடும்மா" என்றுவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். அன்றிலிருந்து அந்தப் பேச்சு எங்கள் வூட்டில் எழுந்ததில்லை. ஆனால் அது எங்கே போகும்? வூட்டுக்குள்ளேதான் கிடந்தது.

வந்தவள் யாரோடும் பேசமாட்டாள். பூனைக்குச் சாப்பாடு செய்யும்போது மட்டும் முகத்தில் கொஞ்சம் உயிர் வரும். அதுவும் என்ன சாப்பாடு! கோழிக் காலை எலும்போடு அரைக்க ஒரு மெஷின், நிறுக்க ஒரு சின்னத் தராசு. கறி இவ்வளவு, இதயம் இவ்வளவு, இரைப்பை இவ்வளவு, வாரத்தில் ஒருநாள் மத்தி மீன். எல்லாம் பச்சை. அடுப்பைக் காட்டக்கூடாது. காட்டில் இருக்கும் பூனை அடுப்பு மூட்டியா சாப்பிடுகிறது என்று என்னைக் கேட்டாள். எங்கள் வூட்டில் நிறுத்துச் சாப்பிட்ட ஜீவன் அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமைகூட என் ஃப்ரிட்ஜில் பச்சைக் கறி டப்பா இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து குவார்ட்டர்ஸ் இசக்கியம்மாள், திருநெல்வேலிக்காரி, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னத்துக்குக்கா இந்தப் பாடு? ரெண்டு கை பால்சோத்தப் பெசஞ்சு வச்சா தின்னுட்டுக் கெடக்கும்லா" என்பாள். "உனுக்கின்னா தெரியும், போவியா" என்று நானே வக்காலத்து வாங்கினேன். அந்தத் தராசுக்கு முன்னால் நிற்கும்போது என் பொண்ணு மனுஷியாக இருந்தாள். எனக்கு அது போதும்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. கறியை அள்ளி அள்ளிப் போடுகிறவள், ஈரலை மட்டும் நகத்தளவு கிள்ளிப் போட்டாள். கேட்டதற்கு, "ஈரல் கொஞ்சம்தாம்மா போடணும், ஜாஸ்தியானா பூனைக்குக் கெடுதல்" என்றாள். சொன்னாள். இல்லை என்று நான் சொல்லவில்லை. எனக்குத்தான் காதில் ஏறவில்லை. ஏன் ஏறும்? இந்த எழிலே பள்ளிக்கூடத்தில் பிரேயரில் நிற்கும்போது மயங்கி விழுந்து, ரத்தமே இல்லை என்று டாக்டர் கண்ணிமையை இழுத்துக் காட்டினபோது, நான் இவளுக்கு எதைக் கொடுத்துத் தேற்றினேன்? ஆட்டுக் கடையில் சொல்லிவைத்துச் சுவரொட்டி, அதான் ஆட்டு மண்ணீரல், வாங்கி அனலில் வாட்டிக் கொடுத்தேன். ஈரலை மிளகுத்தூள் போட்டு வறுத்துக் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கும், வயசுக்கு வந்தவளுக்கும், நோயில் கிடந்து எழுந்தவனுக்கும் முதலில் தருவது அதைத்தான். கறி என்னத்துக்கு ஆகும், சத்து பூராவும் ஈரலில்தானே. ஈரல் தின்று எழுந்து உட்கார்ந்தவள், என்னிடமே வந்து ஈரல் கெடுதல் என்கிறாள். போனில் எவனாவது சொல்லியிருப்பான் என்று நினைத்தேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மத்தியானம் அவள் கண்ணயர்ந்த நேரத்தில், பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, ஒரு துண்டு ஈரலைக் கையில் வைத்து நீட்டினேன். மிளகு வந்தது. கிண்ணத்தில் தின்னும்போது அது அப்படித் தின்னாது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கி என் மணிக்கட்டின்மேல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மெதுவாக வாங்கித் தின்றது. நக்கி முடித்த பிறகும் காலை எடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பேரனையோ பேத்தியையோ இடுப்பில் வைத்துக்கொண்டு நிலாவைக் காட்டி ஊட்டவேண்டிய வயசு எனக்கு. அது கிடைக்கவில்லை. ஒரு வாய் ஊட்ட ஒரு பூனை கிடைத்தது. அடுத்த நாளும் ஊட்டினேன். அப்புறம் ஊட்டாத நாளே இல்லை. கடைசியில் என் வளையல் சத்தம் கேட்டாலே கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொள்ளும். எழிலுக்குத் தெரியாமல் கை கழுவ மட்டும் நான் மறந்ததில்லை.

பூனை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறியது. முதலில் மதில்மேல் தாவுவதை விட்டது. வயசாகிறது என்றேன். முதுகில் முடி சடை விழுந்தது, அது தன்னை நக்கிச் சுத்தம் பண்ணிக்கொள்ளவில்லை. வெயில் காலம் என்றேன். தூக்கப்போனால் சீறியது. முன்னங்காலைத் தரையில் ஊன்றக் கஷ்டப்பட்டு, உட்காரும்போது அதைத் தூக்கிவைத்துக்கொண்டது. எழிலு விடியவிடிய போனைப் பார்த்து, கறியின் அளவை மாற்றி மாற்றிப் போட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பிள்ளை இளைக்கிறதே, தெம்பு இல்லையே என்று, ஒரு துண்டு கொடுத்த இடத்தில் ரெண்டு துண்டு கொடுத்தேன்.

கடலூரில் நாய் பூனை பார்க்கிற டாக்டரிடம் கூடையோடு போனோம். எக்ஸ்ரே எடுத்தார். வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். கழுத்து எலும்பெல்லாம் தனித்தனியாக இருக்கவேண்டுமாம், இதற்கு ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகிக் கிடந்தது. பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வியே, "ஈரல் நெறைய குடுத்தீங்களா?"

"குடுக்கறேன் டாக்டர். ஆனா நிறுத்துதான் குடுக்கறேன். கொஞ்சூண்டு."

"கொஞ்சூண்டு குடுத்தா இப்படி ஆகாதும்மா. இது தெனமும், ரொம்ப நாளா, நெறைய ஈரல் தின்ன பூனை. வூட்ல வேற யாராவது குடுக்கறாங்களா?"

எழிலு யோசிக்கவே இல்லை. "இல்ல டாக்டர். எங்க அப்பா அம்மா இதத் தொடவே மாட்டாங்க. எல்லாம் நான்தான்."

நான் பக்கத்து நாற்காலியில் கூடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. சுவரில் ஒரு நாய்க்குட்டி காலண்டர் தொங்கியது, அதையே பார்த்தேன். ஒட்டின எலும்பு ஒட்டினதுதான், பிரிக்க முடியாது என்றார் டாக்டர். இனிமேல் ஈரல் ஒரு பொட்டுகூடக் கூடாது. வலிக்கு மருந்து கொடுத்தார். கிண்ணத்தை உயரமாக வைக்கச் சொன்னார். ஈரலுக்குப் பழகின பூனை வேற எதையும் லேசில் தொடாது, அடம்பிடிக்கும், விடாமல் சாப்பிட வைக்கவேண்டும் என்றார். "பூனை நாள்கணக்குல பட்டினி கெடந்தா அதோட ஈரலே கெட்டுப்போயிடும்மா. அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

திரும்பும்போது பஸ்ஸில் எழிலு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கூடை மடியில் இருந்தது. வடலூர் வரும்போது வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் எத வளத்தாலும் இப்படித்தாம்மா ஆவுது."

கண்டக்டர் விசில் அடித்தார், யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள். இப்போது சொல்லு, இப்போது சொல்லு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தலையெழுத்துடி" என்றேன். பாவி, தலையெழுத்தாம்!

என் வூட்டுக்காரர் தங்கராசு நிலக்கரி மைன்ஸில் மண் வெட்டுகிற பெரிய மெஷினில் ஆபரேட்டர். அவங்க அப்பா கம்மாபுரத்தில் மைன்ஸுக்குக் கொடுத்த நிலத்துக்கு ஈடாக வந்த பெர்மனன்ட் வேலை. ஷிஃப்ட் முடித்து வந்து பின்பக்கக் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார். எழிலு உள்ளே போனதும் அவர் காதோரம் போய், ஈரல் விஷயத்தைக் கொட்டிவிட்டேன். என்னை நாலு வார்த்தை திட்டட்டும், ஒரு அறைகூட அறையட்டும் என்றுதான் இருந்தேன். அவர் குழாயை மூடவே மறந்துபோய் நின்றார். தண்ணீர் காலில் கொட்டிக்கொண்டே இருந்தது.

"இன்னாங்க, மரம் மாதிரி நிக்கிறீங்க?"

"நானுந்தாண்டி" என்றார்.

"நானுந்தான்னா?"

"ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்குக் கெளம்பறப்ப வாசல்ல வந்து காலச் சுத்திக்கினு நிக்கும். மைன்ஸ் போற ரோட்டுல கறிக்கடை கீதில்ல, அங்க வாங்கியாந்து டிபன் பையில வெச்சிருப்பேன். நைட் ஷிஃப்ட்டுன்னா முடிச்சிக்கினு வந்து குடுப்பேன். இந்தப் பொண்ணு கிள்ளிக் கிள்ளிப் போடறாளேன்னு…" அப்போதுதான் குழாயை மூடினார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது, அந்த ஈரக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஷிஃப்ட்டு வூட்டில் யார் எப்போது சாப்பிட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஊர் தூங்கும்போது ஒருத்தர் முழித்திருப்பார், ஊர் முழித்திருக்கும்போது ஒருத்தர் போர்த்திக்கொண்டு கிடப்பார். முப்பது வருஷமாக நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட வேளையை எண்ணிவிடலாம். தட்டை மூடிவைப்பேன், வந்தவர் எடுத்துச் சாப்பிடுவார். அப்படிப் பழகின வூட்டில் விடியலில் ஒரு கை, மத்தியானம் ஒரு கை. ஒரு கைக்குத் தெரியாமல் இன்னொரு கை. அந்த வாயில்லா ஜீவன் ரெண்டு கையிலும் வாங்கித் தின்றது. அதற்கு என்ன தெரியும்?

"அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும்…" என்று அவர் ஆரம்பித்தார்.

"பழமொழி சொன்னீங்கன்னா வாய்லயே போட்டுருவேன்" என்றேன்.

"சரி, நான் போயி சொல்லிடறேன் பொண்ணுகிட்ட."

"வாயத் தொறந்தீங்கன்னா நடக்கறதே வேற. சொல்லிட்டு? அவ பூனைய நாமதான் இந்த கதிக்கு ஆளாக்கனோம்னு தெரிஞ்சா இந்த வூட்ல இருப்பாளா? கூடையத் தூக்கிக்கினு கெளம்பிடுவா. எங்க போவா? அங்கயும் போவ முடியாது, இங்கயும் இருக்க முடியாதுன்னா அந்தப் பொண்ணு எங்கங்க போவா?"

அந்தக் கேள்விக்கு மனசில் வந்த பதிலை ரெண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. முதலில் பூனை பிழைக்கட்டும், தின்ன ஆரம்பிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணினோம்.

அது தின்னவில்லை. அதுதான் கதையே. மத்தி வைத்தோம், நெத்திலி வைத்தோம், காடை வைத்தோம். தங்கராசு முத்தாண்டிக்குப்பம் போய், முந்திரித் தோப்பில் மேய்ந்த நாட்டுக்கோழியைப் பிடித்துவந்து கொடுத்தார். வெந்நீரில் கிண்ணத்தை வைத்து வெதுவெதுப்பாக்கிப் பார்த்தோம். கருவாட்டைப் பொடித்துத் தூவிப் பார்த்தோம். எழிலு ஊசியில்லாத சிரிஞ்சில் கறித் தண்ணீரை உறிஞ்சி வாயோரம் விட்டாள், பாதி அவள் நைட்டியில் வழிந்தது. கடைசியில் என் வூட்டுக்காரர், அவ்வளவு பெரிய மெஷினை ஓட்டுகிற மனுஷன், டவுன்ஷிப்பில் எங்கள் வட்டத்தில் காலியாகக் கிடக்கிற குவார்ட்டர்ஸிலெல்லாம் எலிப்பொறி வைக்க ஆரம்பித்தார். "எலியப் பாத்தா எந்தப் பூனையும் வுடாது" என்றார். பொறியைத் தூக்கிக்கொண்டு அவர் ரோட்டில் நடப்பதைப் பார்த்து இசக்கியம்மாள், "அண்ணாச்சிக்கு என்னவும் ஆயிட்டா?" என்று கேட்டாள். ஆமாம் தாயி, எங்கள் எல்லாருக்கும்தான் ஆகிவிட்டது.

எனக்கு மட்டும் தெரியும். இத்தனையும் வீண்வேலை. அந்தப் பூனை கிண்ணத்தை நம்பவில்லை. அது நம்புவது என் கையை. பின்பக்கக் கல்லில் உட்கார்ந்து கையில் வைத்து நீட்டினால், ஈரல்தான் என்று நினைத்தாவது கறியை வாயில் வாங்கும். ஒரு தடவை வாங்கினால் அப்புறம் தின்னும். ஆனால் எழிலு அதைவிட்டு ஒரு அடி நகரவில்லையே. கறிகாய் வாங்கி வா என்றால், "நீ போம்மா" என்றாள். தலைக்குக் குளிடி என்று எண்ணெய் வைத்துவிட்டேன், பூனையைக் கூடையோடு குளியலறைக்குள் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். நான் வெளியே நின்று கதவையே பார்த்தேன். அவள் முன்னால் கையை நீட்டினால் மிளகு வரும், காலைத் தூக்கி மணிக்கட்டில் வைக்கும், கண்ணை மூடும். பார்க்கிற யாருக்கும் புரிந்துவிடும், இது இன்றைக்கு நேற்றுப் பழக்கம் இல்லை என்று. அதற்குப் பயந்துகொண்டுதான் மத்தி வாங்கினேன், நெத்திலி வாங்கினேன். பூனையின் கண் உள்ளே போய்க்கொண்டிருந்தது. என் பொண்ணின் தோள் எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் பயந்துகொண்டிருந்தேன். என்ன பொம்பளை நான்!

அன்றைக்குக் காலையும் அப்படித்தான். பூனை சுவரைப் பார்த்து உட்கார்ந்ததும் எழிலு, "விடும்மா, நான் பாக்கறேன்" என்று எழுந்தாள். எழுந்தவள் ஃப்ரிட்ஜ் கைப்பிடியைப் பிடித்தாள். பிடி நழுவியது. அப்படியே சறுக்கி, முதுகு ஃப்ரிட்ஜில் தேய, தரையில் வந்து உட்கார்ந்தாள். விழுந்தாள் என்று சொல்லமுடியாது. சத்தமே இல்லை. "ஒண்ணுமில்ல, கண்ணு இருட்டுச்சு" என்றாள். உதடு வெளுத்து வெடித்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கவேறு முயற்சி பண்ணினாள்.

அந்தச் சிரிப்பில் எனக்கு எல்லாம் விட்டுப்போனது. போகிறாளா, போகட்டும். திட்டுகிறாளா, திட்டட்டும். என் மூஞ்சியில் முழிக்கவே வேண்டாம் என்கிறாளா, வேண்டாம். உயிரோடு இருந்து அதையெல்லாம் சொல்லட்டும். நான் கிண்ணத்துக்குள் கையை விட்டுக் கறியை ஒரு உருண்டை எடுத்தேன். உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். வளையல் இறங்கி மணிக்கட்டில் வந்து விழுந்தது.

மிளகின் காது அசைந்தது. முன்னங்கால், பின்னங்கால், முன்னங்கால் என்று அது மறுபடியும் திரும்ப ஆரம்பித்தது. சுவரை விட்டு, அடுப்பை விட்டு, என் பக்கம். வலி அதற்கு. ஒவ்வொரு எட்டுக்கும் நின்று மூச்சு வாங்கியது. வந்து, தூக்க முடியாத காலைத் தூக்கி என் மணிக்கட்டில் வைத்தது. முகர்ந்தது. ஈரல் இல்லை என்று தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை. காலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் எடுத்தது. இன்னொரு வாய். எலும்புத்தூள் அதன் பல்லில் நறநறத்தது.

நான் நிமிரவில்லை. எழிலு பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"எத்தினி நாளாம்மா?" என்றாள். குரல் ரொம்ப மெல்லிசாக இருந்தது.

"நீ வந்தப்பலருந்து."

"ஈரலா?"

"ஆமாண்டி. ஈரல்தான். தெனமும்."

பின்பக்கக் கதவில் நிழல் விழுந்தது. தங்கராசு கையில் எலிப்பொறியோடு நின்றார். உள்ளே ஒரு எலி, கம்பிக்குக் கம்பி ஓடிக்கொண்டிருந்தது. அவர் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "நானும் குடுத்தேம்மா" என்றார். "உங்க அம்மா மட்டும் இல்ல. காலைல நான் குடுப்பேன்."

எழிலின் கண் எங்கேயோ போய்விட்டு வந்தது. நான் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். எங்கே அடிக்கப்போகிறாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியவில்லை.

"அப்ப நான் இல்லியா?" என்று கேட்டாள்.

"இன்னாடி?"

"மிளகுக்கு இப்படி ஆனது. நான் இல்லியா?"

"நீ இல்லடி. நீ ஒண்ணும் பண்ணல. நீ ஒழுங்காத்தான் வளத்த. நாங்கதாண்டி, நாங்கதான் கெடுத்தோம்."

அழுதாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், குழந்தை அழுகிற மாதிரி வாயைத் திறந்து அழுதாள். சென்னையிலிருந்து வந்தபோது அழாதவள், மருமகன் சொன்ன அந்த வார்த்தையை என்னிடம் சொன்னபோதும் அழாதவள். என் கையிலிருந்து தின்றுகொண்டிருந்த பூனை ஒரு தடவை நிறுத்திவிட்டு மறுபடி தின்றது. கையை எடுத்து மகளைப் பிடிக்கவா, பூனைக்கு நீட்டிக்கொண்டே இருக்கவா என்று தெரியாமல் அப்படியே இருந்தேன். அழுகை ஒரு இடத்தில் நின்றது. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஈரம் இல்லை.

"டாக்டர் கேக்கறப்ப நீ பக்கத்துலதான இருந்த?"

"இருந்தேன்."

"பஸ்ல?"

"இருந்தேண்டி."

"நான் சொன்னது உன் காதுல வுழுந்துச்சுல்ல?"

நான் தலையை ஆட்டினேன். ஈரல் கொடுத்ததற்கு ஏதாவது சமாதானம் சொல்லலாம். சத்து என்று நினைத்தேன், பாசத்தில் கொடுத்தேன் என்று சொல்லலாம். பஸ்ஸில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்ததற்கு என்ன சொல்வது? என் பயந்தான். அவளை இழந்துவிடுவேனோ என்கிற பயத்தில், அவள் தன்னைத் தானே தின்றுகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழிலு தரையில் கையூன்றி நகர்ந்து என் பக்கம் வந்தாள். கறி தீர்ந்து ஈரமாக இருந்த என் கையை மணிக்கட்டோடு பிடித்து இழுத்தாள். முறுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். தன் உள்ளங்கையை என் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். அழுத்தித் தேய்த்தாள். முன்னும் பின்னும், விரல் இடுக்கெல்லாம், வலிக்கிற அளவுக்கு, என் கையின் வாசனை தன் கையில் ஏறுகிற வரைக்கும் தேய்த்தாள். வளையலில் அவள் தோல் சிராய்த்துச் சிவந்தது. அதையும் பார்க்கவில்லை. அப்புறம் என் கையைத் தள்ளிவிட்டுவிட்டு, கிண்ணத்திலிருந்து ஒரு உருண்டை எடுத்துக்கொண்டாள்.

"நீ எந்திரிச்சு அந்தாண்ட போ" என்றாள்.

எழுந்து, மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு கதவருகே போய் அவர் பக்கத்தில் நின்றேன். பொறிக்குள் எலியும் ஓடுவதை நிறுத்தியிருந்தது. எழிலு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கையை நீட்டினாள். பட்டினி கிடந்த கை. இன்னொரு கையால் முழங்கைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டாள். மிளகு நான் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு முன்னங்காலை எடுத்து அவள் பக்கமாக வைத்தது.